நியூபோர்ட் இன்மோஸ் தொழிற்சாலை: எலும்பை வெளியே வைத்தது தேவையா, அலங்காரமா?

#1 கரிசல்மண்

கட்டடக் கலை படித்துவிட்டு கார்டிஃபில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். படிக்கும் காலத்தில் படமாக மட்டுமே பார்த்திருந்த ஒரு தொழிற்சாலையைச் சென்ற சனிக்கிழமை நேரில் பார்த்துவிட்டு வந்தேன். நியூபோர்ட் நகரின் தென்மேற்கே டஃப்ரினில் இருக்கும் இன்மோஸ் நுண்செயலித் தொழிற்சாலை அது. 1982இல் கட்டி முடிக்கப்பட்டது. வடிவமைத்தவர் ரிச்சர்ட் ராஜர்ஸ். கட்டமைப்புப் பொறியாளர்கள் ஆன்டனி ஹன்ட் குழுவினர். உள்ளே இன்றும் சில்லு தயாரிப்பு நடக்கிறது என்பதால் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது. மழை தூறிக்கொண்டே இருந்தது. ஒன்றரை மணி நேரம் நகர மனம் வரவில்லை.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நடுவில் நீளவாக்கில் ஒரு முதுகெலும்பு: 7.2 மீட்டர் அகலம், 106 மீட்டர் நீளம். அதன்மேல் நீல வண்ணம் பூசிய எஃகுக் கோபுரங்கள் வரிசையாக எழுகின்றன. கோபுரங்களிலிருந்து இழுகம்பிகள் இருபுறமும் சரிந்து இறங்கி, கூரைக்கு மேலே நீண்டு கிடக்கும் உத்திரச் சட்டங்களைப் பிடித்திருக்கின்றன. கூரை அந்தச் சட்டங்களுக்குக் கீழே தொங்குகிறது. கோபுரங்களின் நடுவே, முதுகெலும்பின் தலைமேல், காற்றைப் பதப்படுத்தும் பெட்டிகளும் குழாய்களும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. முதுகெலும்பின் இருபுறமும் 13 மீட்டர் அகலமும் 36 மீட்டர் நீளமுமான பகுதிகள் பக்கம் பக்கமாக ஒட்டி நிற்கின்றன. எந்தப் பகுதிக்குள்ளும் ஒரு தூண்கூடக் கிடையாது. வடக்குப் பக்கம் தூசியற்ற தயாரிப்பு அறைகள். தெற்குப் பக்கம் அலுவலகம், உணவகம் முதலியவை.

என் கேள்வி இதுதான். வேல்ஸ் போல மழையும் காற்றும் ஓயாத ஊரில், எலும்புக்கூட்டை முழுக்க வெளியே எடுத்து மழையில் நனைய வைத்தது எதற்காக? எங்கள் அலுவலகத்தில் மூத்தவர்கள் பாதிப்பேர் இதை வெறும் காட்சி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதைக் கட்டியவர்களுக்கு உள்ளே என்ன எந்திரம் வரப்போகிறது, ஐந்து ஆண்டு கழித்து அது எப்படி மாறும் என்று தெரியாது. அந்த அறியாமையை ஒளிக்காமல் ஏற்றுக்கொண்டு வடிவமைத்த கட்டடமாகவே இதைப் பார்க்கிறேன். உங்கள் கருத்து வேண்டும்.

#2 இரும்புப்பட்டறை

தம்பி, உங்கள் ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது. ஆனால் நான் உங்கள் மூத்தவர்கள் பக்கம்.

இருபத்தாறு ஆண்டுகளாக எஃகுக் கூடாரங்களும் கிடங்குகளும் செய்து கொடுக்கிறேன். 36 மீட்டர் இடைவெளியைத் தூணின்றித் தாண்டுவது பெரிய வித்தை கிடையாது. இரண்டு தூணும் மேல் உத்திரமும் ஒரே சட்டமாக இணைந்த சாதாரண போர்ட்டல் சட்டம் அதைத் தாண்டும். மேலே தகடு போட்டு மூடினால் எலும்பு முழுவதும் உள்ளே உலர்ந்து கிடக்கும். பெயிண்ட் பல்லாண்டு நிற்கும். இங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். கூரையைத் தாங்கும் சட்டம் மேலே, கூரை கீழே. ஒவ்வொரு தொங்கு புள்ளியிலும் எஃகு ஒன்று கூரைத் தோலைத் துளைத்துக்கொண்டு இறங்க வேண்டும். துளை என்றால் ஒழுகல். எங்கள் தொழிலில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பகுதி கூரைத் துளைகளைப் பற்றியவை. போதாததற்கு, அந்த எஃகு வழியாக உள்வெப்பம் வெளியே கசியும். குளிர்காலத்தில் துளையைச் சுற்றி வியர்க்கும்.

இந்த வகைக் கட்டடங்களின் மூதாதையான ரிலையன்ஸ் கன்ட்ரோல்ஸ் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்விண்டனில் 1967இல் நார்மன் ஃபாஸ்டரும் ராஜர்ஸும் டீம் 4 என்ற பெயரில் சேர்ந்திருந்தபோது கட்டியது. அதன் சுவரில் எல்லாக் கட்டங்களிலும் பெருக்கல் குறி போலக் குறுக்குக் கம்பிகள் தெரியும். எல்லாக் கட்டத்துக்கும் அவை கட்டமைப்புக்குத் தேவைப்படவில்லை. வரிசை குலையக் கூடாது என்று சேர்த்தவை அதில் உண்டு. எலும்பைக் காட்டுகிறோம் என்று சொல்லிவிட்டு, வேலை செய்யாத எலும்பையும் சேர்ப்பது எனக்கு உறுத்துகிறது. அழகுக்காகச் செய்தேன் என்று சொல்லிச் செய்தால் மதிப்பேன்.

#3 தூசிமானி

சிங்கப்பூரில் சில்லு தயாரிக்கும் ஆலைகளில் பத்தொன்பது ஆண்டுகள் தூய அறைப் பராமரிப்பில் இருந்தவள். அண்ணன் இரும்புப்பட்டறை கூரையை மேலிருந்து பார்க்கிறார். நான் கீழிருந்து பார்த்துப் பழகியவள் என்பதால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

மனிதத் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று). தூய அறையில் நாங்கள் துரத்துவது அரை மைக்ரான் துகள். 'கிளாஸ் 100' அறை என்றால், அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் ஒரு கன அடிக் காற்றில் நூறுக்கு மேல் இருக்கக் கூடாது. நாம் உட்கார்ந்திருக்கும் சாதாரண அறையில் அது லட்சங்களில் இருக்கும். இதற்கு ஒரே வழி, கூரை நெடுகிலும் நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டிகளைப் பதித்து, காற்றை மேலிருந்து கீழாகச் சுழலின்றி இறக்கிக்கொண்டே இருப்பது. நொடிக்கு சுமார் 0.45 மீட்டர் வேகம். 3 மீட்டர் உயர அறையில் ஏழு நொடிக்குள் மொத்தக் காற்றும் மாறிவிடும். கணக்குக்காக, தம்பி சொன்ன 13க்கு 36 மீட்டர் பகுதி ஒன்று முழுவதும் இப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். 468 சதுர மீட்டர். நொடிக்கு 210 கன மீட்டர் காற்று! நடைமுறையில் எந்திரங்களுக்கு மேலே மட்டும் இந்த வேகத்தை வைத்துச் செலவைக் குறைப்பார்கள். அதே காற்றைச் சுற்றிச் சுற்றியும் விடுவார்கள். இருந்தாலும் அளவு எத்தகையது என்று புரியும்.

இவ்வளவு காற்றைக் கொண்டுவரும் டக்டுகளுக்கு, அதாவது பெரிய காற்றுக் குழல்களுக்கு, இடம் வேண்டும். சாதாரணக் கூடாரத்தில் தாழ்வான பொய்க்கூரைக்கும் மேல்தகட்டுக்கும் நடுவே உத்திரம் ஓடும். டக்டும் அங்கேயே ஓடும். இரண்டும் இடத்துக்குச் சண்டை போடும். டக்ட் வளைந்து வளைந்து போகும். ஒவ்வொரு வளைவும் விசிறிக்குக் கூடுதல் சுமை, கூடுதல் மின்சாரம், கூடுதல் அதிர்வு. சில்லின் மேல் மைக்ரான் அளவில் படம் பதிக்கும் எந்திரத்துக்கு அதிர்வு எமன். உத்திரத்தை மேலே எடுத்துவிட்டால் கீழே உள்ள வெற்றிடம் முழுவதும் காற்றுக்கும் குழாய்க்கும் கிடைக்கிறது. அகலமான விளிம்புள்ள இரும்பு உள்ளே இல்லாததால், தூசி உட்கார்ந்து பின்னொரு நாள் உதிரும் திட்டுகளும் இல்லை.

இன்னொன்று. நான் வேலை செய்த ஓர் ஆலையில் ஒரே ஒரு அமிலப்புகை வெளியேற்றுக் குழாயை மாற்ற வேண்டியிருந்தது. அது தூய அறைக்கு நேர்மேலே, மற்ற குழாய்களுக்கு நடுவே மாட்டியிருந்தது. ஏணி போட்டு ஆள் ஏறினால் அந்த இடம் முழுவதும் அழுக்கு. கீழே உற்பத்தியை நிறுத்தி, பிளாஸ்டிக் கூடாரம் கட்டி, வேலையை முடித்து, மறுபடி துடைத்து, துகள் எண்ணிப் பார்த்துத் திறக்க மூன்று வாரம் ஆயிற்று. குழாயைப் பொருத்திய வேலை இரண்டே நாள். அந்த மூன்று வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை. இன்மோஸில் பெரிய எந்திரங்கள் முதுகெலும்பின் தலைமேல், வெட்டவெளியில் இருக்கின்றன. ஆள் ஏறுகிறான், கிரேன் வருகிறது, பழையதைக் கழற்றிப் புதியதை வைக்கிறார்கள். கீழே உற்பத்தி தன்பாட்டுக்கு நடக்கிறது. இதன் அருமை, அந்த மூன்று வாரத்தை அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

#4 கரிசல்மண்

அக்கா, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். மனமார்ந்த நன்றி. கட்டடக்கலைப் புத்தகங்களில் 'பணி பெறும் இடம், பணி செய்யும் இடம்' என்று அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் பிரித்ததைப் படித்திருக்கிறேன். ஃபிலடெல்ஃபியாவில் அவர் கட்டிய ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆய்வகத்தில் காற்றுக் குழல்கள் தனிக் கோபுரங்களாக நிற்கும். பாரீஸில் ராஜர்ஸும் ரென்சோ பியானோவும் 1977இல் முடித்த பாம்பிடூ மையத்தில் குழாய்கள் வண்ண வண்ணமாகத் தெருவைப் பார்த்து நிற்கும். அங்கே அவை நகரத்துக்கான காட்சி என்று யாராவது சொன்னால் மறுக்க எனக்குத் துணிவில்லை. நியூபோர்டில் பார்வையாளர் யாருமில்லாத புல்வெளியில் அதே பிரிப்பு உண்மையிலேயே உழைக்கிறது என்பது நீங்கள் சொல்லித்தான் உறைத்தது.

அண்ணன் இரும்புப்பட்டறைக்கு ஒரு பின்னணி. இன்மோஸ் 1978இல் பிரிட்டிஷ் அரசுப் பணத்தில் தொடங்கிய நிறுவனம். அயன் பேரன் என்ற கணினிப் பொறியாளரும் அமெரிக்காவிலிருந்து ரிச்சர்ட் பெட்ரிட்ஸ், பால் ஷ்ரோடர் ஆகியோரும் சேர்ந்து தொடங்கினார்கள். தேசியத் தொழில் வாரியம் ஒப்புக்கொண்ட தொகை 5 கோடி பவுண்ட், இரண்டு தவணையாக. இரண்டாம் தவணைக்கு முன் ஆட்சி மாறி மார்கரெட் தாட்சர் வந்துவிட்டார். நிறுவனம் பிரிஸ்டலில் ஆலை கட்ட விரும்பியது. நிலக்கரியும் எஃகும் சரிந்து வேலையிழப்பு பெருகிய தெற்கு வேல்ஸில் கட்டினால்தான் பணம் என்று 1980இல் அரசு சொல்லிவிட்டது.

ஆக, கட்டட வடிவமைப்பாளரின் கையில் கொடுக்கப்பட்ட நிபந்தனையே விசித்திரமானது: எந்த நிலத்திலும் பொருந்த வேண்டும், விரைவாக எழ வேண்டும், உள்ளே எதுவும் மாறலாம். அதனால்தான் எல்லாம் பாகங்களாகத் தொழிற்கூடத்தில் செய்யப்பட்டு, களத்தில் போல்ட் போட்டுப் பூட்டப்பட்டன. முதுகெலும்பு நீளலாம், பக்கத்துக்குப் பகுதிகள் கூடலாம், குறையலாம். வெளிச்சுவர்கூட ஒரே அளவுச் சட்டகம்தான். அதில் ஒற்றைக் கண்ணாடி, இரட்டைக் கண்ணாடி, ஒளி ஊடுருவும் பலகை, ஒளிபுகாக் காப்புப் பலகை எதை வேண்டுமானாலும் மாட்டிக் கழற்றலாம். அலுவலகம் நாளை தயாரிப்பு அறையாக மாறினால் சுவரும் கூடவே மாறும்.

#5 மரப்பாச்சி

இழையை ஆர்வமாகப் படித்துவருகிறேன். சொல் பற்றி ஒரு சிறு யோசனை. 'பகுதி, பகுதி' என்று எழுதுகிறீர்களே, இரண்டு தூண் வரிசைகளுக்கு நடுவே உள்ள இடத்துக்கு நம்மிடம் 'அங்கணம்' என்ற நல்ல சொல் இருக்கிறது. மண்டபத்தையும் வீட்டையும் அங்கணக் கணக்கில் சொல்லும் வழக்கம் உண்டு. 'வடக்கில் நான்காம் அங்கணம்' என்று சொன்னால் எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள்.

#6 இரும்புப்பட்டறை

அங்கணம் என்ற சொல்லுக்கு நன்றி. இனி அதையே எழுதுகிறேன்.

இரண்டு நாள் இதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். தங்கை தூசிமானி சொன்னதில் உத்திரத்தை மேலே எடுத்ததற்கான காரணத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் உத்திரத்தை மேலே வைப்பது ஒன்று, அதைக் கோபுரத்திலிருந்து கம்பி கட்டித் தூக்குவது வேறொன்று. இரண்டையும் ஒரே மூட்டையாக நீங்கள் கட்டக் கூடாது. கூரைக்கு மேலே சற்று ஆழமான சட்டம் ஒன்றைப் போட்டுவிட்டால் கம்பியே வேண்டாம்.

கம்பியால் என்ன லாபம் என்று பார்ப்போம். உத்திரத்தின் நடுவில் ஏற்படும் வளைவுத் திருப்பம், அதாவது சுமை அதை வளைக்கப் பார்க்கும் தாக்கம், இடைவெளியின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 36 மீட்டரின் நடுவே ஓரிடத்தில் கம்பியால் பிடித்துவிட்டால் இடைவெளி பாதி, வளைவுத் திருப்பம் ஏறத்தாழ நாலில் ஒன்று. சட்டம் மெலியும். இது லாபம். நட்டம் எங்கே? காற்று. இப்படிப்பட்ட இலகுவான கூரையின் எடை சதுர மீட்டருக்குச் சில பத்துக் கிலோதான். புயற்காற்று கூரையை மேல்நோக்கி உறிஞ்சும் விசை ஓரங்களில் நூறு கிலோவைத் தாண்டலாம். அப்போது கூரை தொங்குவதை விட்டுவிட்டுப் பறக்கப் பார்க்கும். கம்பிக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது, தளர்ந்து துவண்டுவிடும். ஆகவே கீழ்நோக்கிப் பிடிக்கவும் ஏற்பாடு வேண்டும். வெயில் குளிரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 36 மீட்டர் எஃகு, 30 பாகை வெப்ப மாற்றத்துக்கு 13 மில்லிமீட்டர் நீளும், சுருங்கும். உள்ளே தூய அறையோ ஆண்டு முழுவதும் ஒரே வெப்பநிலையில் அசையாமல் நிற்க வேண்டும். வெளியே மூச்சு விடும் எலும்பு, உள்ளே மூச்சுப் பிடித்த தோல். இரண்டையும் சேர்க்கும் ஒவ்வொரு மூட்டும் இந்த 13 மில்லிமீட்டரை விழுங்க வேண்டும். ஆன்டனி ஹன்ட் குழுவினர் இந்த மூட்டுகளுக்காகப் பட்ட பாட்டை நினைத்தால் தொழில்காரனாக எனக்கு மரியாதை வருகிறது.

ஆனால் வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது ஒன்று பட்டது. அத்தனை கனமான காற்று எந்திரங்களை முதுகெலும்பின் தலைமேல் ஏற்ற முடிவு செய்த கணமே, அங்கே உறுதியான கால்கள் எழும்பியாக வேண்டும். கோபுரம் கம்பிக்காகப் பிறக்கவில்லை, எந்திரத்துக்காகப் பிறந்தது. நிற்கிற கோபுரத்திலிருந்து இரண்டு பக்கமும் கம்பியை நீட்டுவது கூடுதலாகச் செய்யும் சிறு வேலை. இருபுறமும் சமமாக இழுப்பதால் கோபுரம் சாயாது. எந்திரங்களின் எடையே கோபுரத்தைக் கீழே அழுத்திக் கொடுக்கிறது.

இதைக் கண்டபோது என் வாதத்தில் பாதி கரைந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒழுகல் பற்றிய மீதிப் பாதியை விடமாட்டேன்.

#7 பாதிராத்திரி

எல்லோரும் எஃகையும் காற்றையும் பேசுகிறீர்கள். உள்ளே நின்று உழைத்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு இது வருத்தமாக இருக்கிறது.

முதுகெலும்பை ராஜர்ஸ் வெறும் நடைபாதையாக நினைக்கவில்லை. ஓர் உள்தெருவாக நினைத்தார். 7.2 மீட்டர் அகலம் என்பது நம் ஊரில் இரண்டு பஸ் ஒன்றையொன்று கடக்கும் சாலை அகலம். பானம் தரும் பெட்டி, தொலைபேசி, உட்கார இடம், செடிகள், நின்று பேசும் இடம் எல்லாம் அங்கே அமைந்தன. பொறியாளரும் தொழிலாளியும் துப்புரவு செய்பவரும் ஒரே தெருவில் எதிரெதிரே நடக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. ரிலையன்ஸ் கன்ட்ரோல்ஸிலேயே அது தொடங்கிவிட்டது. முதலாளிக்கு முன்வாசல், தொழிலாளிக்குப் பின்வாசல் என்ற இங்கிலாந்து வழக்கத்தை விட்டுவிட்டு அங்கே எல்லோருக்கும் ஒரே நுழைவாயில், ஒரே உணவகம். அண்ணன் குறுக்குக் கம்பியைக் குறை சொன்னார். அந்தக் கட்டடத்தில் நான் முதலில் பார்ப்பது அந்த ஒற்றை வாசலைத்தான்.

ஆனால் தெருவோடு சமத்துவம் நின்றுவிட்டது. தெற்கே அலுவலகத்துக்கு வெளிச்சம். வடக்கே தூய அறைக்குள் தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, முகமூடி, கையுறை, ஒளி மாறாத விளக்கு. ஆலை நாள் முழுவதும் ஓடும். நான் அங்கி போட்டு இரவுப் பணி பார்த்திருக்கிறேன், வேறொரு நாட்டில், வேறொரு ஆலையில். விடிந்ததா என்பதே கதவைத் தாண்டினால்தான் தெரியும். கண் அரித்தால் தேய்க்க முடியாது. தண்ணீர் குடிக்க அங்கி கழற்றி, காற்றுக் குளியல் அறை தாண்டி, திரும்ப மாட்டிக்கொண்டு வர இருபது நிமிடம். பலர் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவார்கள். தூசி உள்ளே வராமல் இருக்க 210 கன மீட்டர் காற்றைக் கணக்கிட்டவர்கள், உள்ளே இருப்பவர் தலை நிமிர்த்தி ஒருமுறை வானத்தைப் பார்க்க ஒரு கண்ணாடி கணக்கிட்டிருக்கலாம்.

#8 தூசிமானி

பாதிராத்திரி எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மை. தண்ணீர் விஷயத்தைப் படித்தபோது பழைய நாட்கள் நினைவுக்கு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஒளியால் படம் பதிக்கும் அறையில் பகல் வெளிச்சத்தை விட முடியாது. அங்கே பூசும் வேதிப்பொருள் நீல ஒளி, புற ஊதா ஒளி பட்டால் கெட்டுவிடும். அதனால்தான் அந்த அறை எப்போதும் மஞ்சளாக இருக்கும். மற்ற அறைகளுக்கு அந்தத் தடை கிடையாது. அங்கே கண்ணாடி வைக்காதது செலவும் பழக்கமும்தான். இன்மோஸின் சுவர்ச் சட்டகம் எந்தப் பலகையையும் ஏற்கும் என்று தம்பி சொன்னார். அப்படியானால் கேட்டிருந்தால் கண்ணாடியும் கிடைத்திருக்கும்.

#9 ஏட்டுச்சுவடி

தொழில்துறை வரலாறு படிப்பவள். தெற்கு வேல்ஸில் இதே கேள்வியை முப்பது ஆண்டு முன்பே எழுப்பிய இன்னொரு கட்டடம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்த இழை முழுமையாகாது என்று நினைக்கிறேன்.

பிரின்மாரில் 1951இல் எழுந்த ரப்பர் தொழிற்சாலை. ஆர்க்கிடெக்ட்ஸ் கோ-பார்ட்னர்ஷிப் வடிவமைத்தது. பொறியாளர் ஓவ் ஆரப். உற்பத்திக் கூடத்தின் மேல் ஒன்பது மெல்லிய காங்கிரீட் குவிமாடங்கள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. அதுவும் வேலையின்மை வாட்டிய பள்ளத்தாக்குக்கு வேலை கொண்டுவரக் கட்டியதுதான். அங்கும் நிர்வாகிக்கும் தொழிலாளிக்கும் ஒரே வாசல். 1982இல், டஃப்ரினில் நீலக் கோபுரங்கள் எழுந்த அதே ஆண்டில், பிரின்மார் ஆலை மூடப்பட்டது. 1986இல் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தார்கள். போருக்குப் பின் எழுந்த கட்டடங்களில் பிரிட்டனில் அந்தத் தகுதி முதலில் கிடைத்தது அதற்குத்தான். இருந்தும் யாரும் குடிவரவில்லை. 2001இல் இடித்துவிட்டார்கள். நான் அதை நேரில் பார்த்ததில்லை. படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஒன்பது குவிமாடங்களின் கீழ் விழுந்த மென்மையான வெளிச்சத்தை நினைத்து ஏங்குகிறேன்.

காங்கிரீட் குவிமாடத்தை ஓர் அங்குலம் நகர்த்த முடியாது. அதற்குப் பொருந்தும் தொழில் வந்தால் உண்டு. இன்மோஸ் கட்டடம் அதற்கு நேர்மாறு. அதன் உரிமை கை மாறிக்கொண்டே இருந்தது. 1984இல் அரசு தன் 76 விழுக்காட்டுப் பங்கை 9.5 கோடி பவுண்டுக்குத் தார்ன் இ.எம்.ஐ. நிறுவனத்துக்கு விற்றது. 1989இல் எஸ்.ஜி.எஸ்.-தாம்சன். பின்னர் இன்டர்நேஷனல் ரெக்டிஃபயர். 2015இல் இன்ஃபினியான். 2017இல் நியூபோர்ட் வேஃபர் ஃபேப். 2021இல் சீன உரிமையுள்ள நெக்ஸ்பீரியா. தேசியப் பாதுகாப்புக் காரணம் காட்டி 2022 நவம்பரில் அதை விற்கும்படி பிரிட்டிஷ் அரசு உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் விஷே 17.7 கோடி டாலருக்கு வாங்கியது. நாற்பது ஆண்டில் இத்தனை பெயர்ப்பலகை! 1980களின் தொடக்கத்தில் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கான் தகடுகள் பரவலாக இருந்தன. இப்போது நியூபோர்டில் ஓடுவது 200 மில்லிமீட்டர் தகடு. எந்திரங்கள் பலமுறை மாறியிருக்கும். ஆலை நிற்கிறது.

1972இல் பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் கழகத்தின் தலைவராக இருந்த அலெக்ஸ் கார்டன், நீண்ட ஆயுள், தளர்ந்த பொருத்தம், குறைந்த ஆற்றல் என்று மூன்று வேண்டுகோள் வைத்தார். அவரும் கார்டிஃபில் அலுவலகம் வைத்திருந்தவர். முதல் இரண்டும் டஃப்ரினில் நிறைவேறின என்பேன். மூன்றாவதைத் தங்கை தூசிமானி சொன்ன காற்றுக் கணக்கு தடுத்துவிடுகிறது.

#10 இரும்புப்பட்டறை

அம்மா, வரலாறு நன்று. முடிவில்தான் உடன்பாடில்லை. ஆலை பிழைத்தது கட்டட அமைப்பாலா? தூய அறையும், அதிதூய நீர் அமைப்பும், வாயுக் குழாய்களும், அமிலம் கழுவும் ஏற்பாடும் ஒருமுறை போட்டுவிட்டால் அவற்றை விட்டுப் போக யாருக்கும் மனம் வராது. அந்த உள்ளீட்டின் விலைக்கு முன் கட்டடத்தின் விலை சிறிது. சாதாரணக் கூடாரத்தில் இருந்திருந்தாலும் அடுத்தடுத்து வாங்கியிருப்பார்கள். உலகின் பெரும்பாலான சில்லு ஆலைகள் வெளியே பார்த்தால் சாம்பல் நிறப் பெட்டிகள்தான். அவையும் பல பத்தாண்டு ஓடுகின்றன. ரிலையன்ஸ் கன்ட்ரோல்ஸும் மாற்றத்துக்கு இடம் கொடுத்த கட்டடம்தான், 1991இல் இடிக்கப்பட்டதே? ஸ்விண்டனில் 1982இல் ஃபாஸ்டர் முடித்த ரெனோ மையத்தின் மஞ்சள் கம்பங்கள் இன்றும் நிற்கின்றன. கார் நிறுவனம் எப்போதோ போய்விட்டது; 2013இல் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். அது மாற்றத்துக்கு இடம் கொடுத்ததால் பிழைத்ததா, அழகால் பிழைத்ததா? அழகால் என்றே நான் சொல்வேன், குறையாகச் சொல்லவில்லை.

#11 ஏட்டுச்சுவடி

நியாயமான கேள்வி. உள்ளீட்டின் விலை ஆலையைக் காத்தது என்பதை ஏற்கிறேன். ஆனால் பழைய உள்ளீட்டை எடுத்துப் புதியதை வைக்க முடியாமல் போயிருந்தால் அந்த விலைக்கே பொருளில்லை. தூசிமானியின் மூன்று வாரத்தை ஒரு ஆலையின் நாற்பது ஆண்டுக்கு விரித்துப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் சொல்ல விரும்புகிறேன். பிழைத்தது கட்டடம், பிழைக்காதது அது கட்டப்பட்ட கனவு. டேவிட் மே வடிவமைத்த டிரான்ஸ்பியூட்டர், நான்கு தொடர்பு வழிகள் மூலம் தன்னைப் போன்ற பிற சில்லுகளோடு நேரடியாகப் பேசி, பலவும் சேர்ந்து ஒரே கணக்கைப் போடும் நுண்செயலி. டி414 1985இல் வந்தது. மிதவைப் புள்ளிக் கணக்கையும் (பின்ன எண்களில் போடும் கணக்கு) உள்ளடக்கிய டி800 1987இல். அதற்கென்றே ஆக்கம் (occam) என்ற நிரல்மொழி. சந்தை வேறு வழியில் போய்விட்டது. அதே இன்மோஸின் ஜி171 என்ற சிறு வண்ணச் சில்லு, ஐ.பி.எம். 1987இல் கொண்டுவந்த வி.ஜி.ஏ. திரையில் இடம்பிடித்தது. நம்மில் மூத்தவர்கள் கணினித் திரையில் முதன்முதலில் 256 வண்ணம் பார்த்தபோது பின்னால் இருந்த முறை அந்தச் சில்லுடையது.

#12 மரப்பாச்சி

வி.ஜி.ஏ. செய்தி எனக்குப் புதிது. 1990களில் என் மாமா வீட்டுக் கணினித் திரை நினைவுக்கு வந்துவிட்டது.

#13 தூசிமானி

கரிசல்மண் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை போகும்போது கோபுரங்களைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், அவற்றுக்கு நடுவே உள்ள குழாய்களைப் பாருங்கள். பழைய குழாயும் புதிய குழாயும் ஒரே நிறத்தில் மங்காது. தாங்கிகளில் புதிய வெல்டிங் தெரியும். பயன்பாட்டில் இல்லாத குழாயின் வாய் மூடி போட்டு அடைக்கப்பட்டிருக்கும். எந்த அங்கணத்துக்கு மேல் மாற்றம் அதிகம், எதற்கு மேல் குறைவு என்று வேலிக்கு வெளியே நின்றே ஓரளவு எண்ணிவிடலாம். நானும் அண்ணனும் இத்தனை நாள் வாதிட்டது அங்கே எழுதியிருக்கும்.

#14 இரும்புப்பட்டறை

அப்படியே இழுகம்பிகள் சட்டத்தைத் தொடும் மூட்டுகளையும் பாருங்கள் தம்பி. கூரைத் துளைகளைச் சுற்றி ஒட்டுப் போட்ட தடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். இல்லை என்றால், இங்கேயே வந்து அதை எழுதுகிறேன்.

#15 கரிசல்மண்

அடுத்த சனிக்கிழமை தொலைநோக்கியோடு போகிறேன். மழை இல்லாவிட்டால் வடக்கு அங்கணங்களில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வருகிறேன். பாதிராத்திரி அவர்களே, வடக்குச் சுவரில் கண்ணாடி எத்தனை பலகையில் இருக்கிறது என்பதையும் எண்ணிச் சொல்கிறேன்.